மூச்சுப்பாதை மென்தசையில் செல் சமிக்ஞை

மூச்சுக்குழலையும் அதன் கிளைகளையும் சூழ்ந்துள்ள மென்தசைச் செல்கள், வெளியிலிருந்து வரும் வேதிச் செய்திகளை ஏற்று அவற்றுக்கு ஏற்பச் சுருங்குகின்றன, தளர்கின்றன, பெருகுகின்றன. இவ்வாறு நிகழக் காரணமான மூலக்கூற்று நிகழ்வுகளின் தொடரே மூச்சுப்பாதை மென்தசையின் செல் சமிக்ஞை எனப்படும். நரம்பு முனைகள், குருதியில் வரும் ஹார்மோன்கள், அழற்சிச் செல்கள் ஆகியவற்றிலிருந்து இச்செய்திகள் வருகின்றன. ஆஸ்துமா நோயாளிக்குத் திடீரென மூச்சுத் திணறுவது ஏன், இன்ஹேலர் மருந்து சில நிமிடங்களில் அதைத் தணிப்பது எப்படி, அதே மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஏன் ஆபத்தாக முடிகிறது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடையின் பெரும்பகுதி இந்தச் சமிக்ஞைப் பாதைகளில் உள்ளது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் 26.2 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது, அந்நோயால் 4.55 லட்சம் பேர் இறந்தனர். எனவே இத்துறை ஆய்வு, ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் அன்றாட மருத்துவத்தையும் நேரடியாக மாற்றியிருக்கிறது.

தசையின் அமைப்பு

மூச்சுக்குழலின் முன்புறத்திலும் பக்கங்களிலும் குதிரை லாட வடிவில் குருத்தெலும்புகள் உள்ளன. பின்புறம் திறந்திருக்கும் இடைவெளியை மென்தசைப் பட்டை இணைக்கிறது. நுரையீரலுக்குள் கிளைகள் பிரிந்து சிறுத்துக்கொண்டே போகும்போது குருத்தெலும்பு படிப்படியாகக் குறைந்து மறைகிறது. நுண்மூச்சுக்குழல்களில் தசையே குழலைச் சுற்றித் திருகு வடிவில் அமைகிறது. ஆகவே சிறிய குழல்களில் தசை இறுகும்போது அதை எதிர்த்துக் குழலைத் திறந்து வைத்திருக்க உறுதியான சட்டகம் எதுவும் இல்லை. சுற்றியுள்ள நுரையீரல் திசுவின் இழுவிசை மட்டுமே துணை நிற்கிறது.

குழலின் விட்டத்தில் ஏற்படும் சிறிய மாற்றமும் காற்றோட்டத்தைப் பெரிதும் பாதிக்கும். சீரான ஓட்டத்தில் தடையானது ஆரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. அதாவது, ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காகும். தசைச் சுருக்கத்தோடு சளியும் சுவர் வீக்கமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஃபிரான்ஸ் டேனியல் ரைசைசன் 1822ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூச்சுக்கிளைகளில் உள்ள இத்தசையை விரிவாக விவரித்தார். ஆயினும் நலமுள்ள உடலில் இத்தசையின் பயன் என்ன என்பதில் இன்றும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குடலின் மென்தசை உணவை நகர்த்துகிறது. குருதிக்குழாயின் மென்தசை குருதியோட்டத்தைப் பங்கிடுகிறது. மூச்சுப்பாதை மென்தசைக்கு அத்தகைய தெளிவான வேலை ஒன்றைக் காட்டுவது கடினம். அதன் கேடு மட்டும் ஐயமற்றது.

சுருங்கச் செய்யும் பாதை

மூச்சுப்பாதையைச் சுருக்கும் முதன்மையான செய்தி எதிர்ப்பரிவு நரம்பாகிய வேகஸ் நரம்பின் வழியாக வருகிறது. அதன் முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியாகி, தசைச் செல்லின் சவ்வில் உள்ள எம்3 மஸ்கரினிக் ஏற்பியில் இணைகிறது. மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஹிஸ்டமின், அழற்சிச் செல்கள் உருவாக்கும் லியூக்கோட்ரையீன்கள் ஆகியவை வேறு ஏற்பிகளில் இணைகின்றன. ஏற்பிகள் வேறுபட்டாலும், செல்லுக்குள் அவை பெரும்பாலும் ஒரே வழியில்தான் செல்கின்றன.

ஏற்பி தூண்டப்பட்டதும் அதனோடு இணைந்துள்ள ஜிக்யூ என்னும் புரதம் செயல்படத் தொடங்குகிறது. அது பாஸ்போலிப்பேஸ்-சி என்ற நொதியைத் தூண்டுகிறது. இந்நொதி சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறு ஒன்றைப் பிளந்து, இனோசிட்டால் டிரைபாஸ்பேட்டை விடுவிக்கிறது. வெளியிலிருந்து வந்த செய்தியைச் செல்லின் உட்புறத்துக்கு எடுத்துச் செல்வதால் இது இரண்டாம் நிலைத் தூதுவர் எனப்படுகிறது. செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கும் சார்கோபிளாச வலையை அடைந்து, அங்குள்ள கால்சிய வாயில்களை இது திறக்கிறது. இனோசிட்டால் டிரைபாஸ்பேட் செல்லின் உட்சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடுவிப்பதை மைக்கேல் பெரிட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் 1983ஆம் ஆண்டில் கணையச் செல்களில் காட்டினர். மூச்சுப்பாதைத் தசையிலும் அதே வழிமுறை செயல்படுவது பின்னர் உறுதியானது.

விடுபட்ட கால்சியம் கால்மோடுலின் என்னும் புரதத்தோடு இணைகிறது. அவ்விணைப்பு மயோசின் இலேசான சங்கிலிக் கைனேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மயோசின் புரதத்தின் இலேசான சங்கிலியில் ஏற்றுகிறது. இவ்வாறு பாஸ்பேட் ஏறிய மயோசின், ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது. எலும்புத் தசையில் கால்சியம் ஆக்டின் இழையில் உள்ள ட்ரோபோனினோடு இணைந்து சுருக்கத்தைத் தொடங்குகிறது. மென்தசையில் மயோசினில் பாஸ்பேட் ஏறுவதே சுருக்கத்துக்கான ஆணை.

கால்சியம் ஒருமுறை உயர்ந்து அப்படியே நிற்பதில்லை. நுரையீரலின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அசிட்டைல்கோலின் பட்ட தசைச் செல்களில் கால்சியம் அலையலையாக ஏறி இறங்குவது தெரிந்தது. அலைகள் எவ்வளவு விரைவாக அடுத்தடுத்து வருகின்றனவோ அந்த அளவுக்குச் சுருக்கம் வலுக்கிறது.

இதிலிருந்து மருத்துவத்துக்குப் பயன்படும் ஓர் உண்மை கிடைக்கிறது. உயர் குருதியழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் கால்சிய வாயில் அடைப்பு மருந்துகள், செல்லின் வெளிச்சவ்வு வழியாகக் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குருதிக்குழாய்த் தசையைத் தளர்த்துகின்றன. மூச்சுப்பாதைத் தசையோ பெரிதும் தன் உட்சேமிப்பையே நம்பியுள்ளது. ஆகவே அம்மருந்துகள் ஆஸ்துமாவில் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை.

கால்சிய உணர்திறன்

செல்லில் கால்சியம் எவ்வளவு உள்ளது என்பது மட்டும் சுருக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. ஒரு தொட்டியின் நீர்மட்டம் உள்ளே வரும் நீரை மட்டுமல்லாமல் வெளியேறும் நீரையும் பொறுத்தது. அதுபோல மயோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் ஒருபுறமிருக்க, அதை அகற்றும் மயோசின் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மறுபுறம் இருக்கிறது. பாஸ்பட்டேஸ் தடுக்கப்பட்டால் கால்சியம் உயராமலேயே சுருக்கம் வலுக்கும், நீடிக்கும்.

இந்தத் தடையை ஏற்படுத்துவது ரோஏ என்னும் சிறிய புரதமும் அது தூண்டும் ரோ கைனேஸ் நொதியும் ஆகும். சுருக்கும் ஏற்பிகள் கால்சியத்தை விடுவிக்கும் அதே வேளையில் இப்பாதையையும் தூண்டுகின்றன. கால்சிய உணர்திறன் குறித்த அடிப்படைக் கருத்துகளை ஏவ்ரில் சோம்லியோ, ஆண்ட்ரூ சோம்லியோ இருவரின் மென்தசை ஆய்வுகள் வளர்த்தெடுத்தன. ரோ கைனேஸைத் தடுக்கும் வேதிப்பொருள் மென்தசையைத் தளர்த்துவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் காட்டிய பிறகு இப்பாதை மருந்து ஆய்வின் இலக்குகளில் ஒன்றானது.

தளரச் செய்யும் பாதை

மனிதனின் மூச்சுப்பாதைத் தசைக்குப் பரிவு நரம்புகளின் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. தளர்த்தும் செய்தியை முக்கியமாகக் கொண்டுவருவது அட்ரினல் சுரப்பியிலிருந்து குருதியில் கலந்து வரும் அட்ரினலின். அது தசைச் செல்லின் பீட்டா-2 ஏற்பியில் இணைகிறது. சால்பியூட்டமால், டெர்பியூட்டலின் போன்ற உடனடி நிவாரண மருந்துகளும் இதே ஏற்பியில்தான் இணைகின்றன.

பீட்டா-2 ஏற்பி ஜிஎஸ் என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. அது அடினைலேட் சைக்ளேஸ் நொதியைச் செயல்படுத்த, ஏடிபியிலிருந்து வளைய ஏஎம்பி உருவாகிறது. இந்த இரண்டாம் நிலைத் தூதுவர் புரதக் கைனேஸ்-ஏ என்ற நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி பல இடங்களில் ஒரே நேரத்தில் தலையிடுகிறது. கால்சிய அலைகளின் வேகத்தைக் குறைக்கிறது. சவ்வில் உள்ள பொட்டாசிய வாயில்களைத் திறக்க உதவுகிறது. மயோசின் பாஸ்பட்டேஸின் செயலை மீட்டு, கால்சிய உணர்திறனையும் தணிக்கிறது. சுருக்கும் பாதையின் பல கண்ணிகளையும் ஒரே நேரத்தில் தளர்த்துவதால்தான் பீட்டா-2 மருந்துகள் விரைவாகவும் வலுவாகவும் செயல்படுகின்றன.

வளைய ஏஎம்பியைச் சிதைப்பது பாஸ்போடைஎஸ்டரேஸ் என்னும் நொதிக் குடும்பம். ஆல்பிரெக்ட் கோசல் 1888ஆம் ஆண்டில் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்த தியோஃபிலின், இந்நொதிகளைத் தடுத்து வளைய ஏஎம்பியைக் காப்பாற்றுகிறது. பல பத்தாண்டுகள் அது ஆஸ்துமாவின் முக்கிய மருந்தாக இருந்தது. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால் அதன் பயன்பாடு இப்போது சுருங்கிவிட்டது.

தசைச் செல்லில் எம்3 ஏற்பிகளைவிட எம்2 ஏற்பிகள் எண்ணிக்கையில் அதிகம். எம்2 ஏற்பி ஜிஐ புரதத்தின் வழியாக வளைய ஏஎம்பி உருவாவதைக் குறைக்கிறது. ஆக, அசிட்டைல்கோலின் ஒரு கையால் சுருக்கத்தைத் தூண்டும்போதே மறு கையால் தளர்ச்சியையும் தடுக்கிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

சமிக்ஞைப் பாதைகள் அறியப்படுவதற்கு வெகு காலம் முன்பே அவற்றைத் தொடும் மூலிகைகள் பயன்பாட்டில் இருந்தன. ஊமத்தைச் செடியை உலர்த்தி அதன் புகையை இழுப்பது இந்தியாவில் இழுப்பு நோய்க்கு வழங்கிவந்த முறை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முறையை அறிந்திருந்தார். 1802ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து பிரிட்டனுக்கு இது கொண்டு செல்லப்பட்டது. ஊமத்தையில் உள்ள அட்ரோப்பின் வகைப் பொருட்கள் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கின்றன. ஊமத்தை கொடிய நஞ்சுடையது. அளவு சற்று மிகுந்தாலும் உயிருக்கு ஆபத்து. அதே ஏற்பியை மூச்சுப்பாதையில் மட்டும் பாதுகாப்பாக அடைக்கும் இப்ராட்ரோப்பியம், டயோட்ரோப்பியம் ஆகிய மருந்துகள் இன்று அதன் இடத்தில் உள்ளன.

1910ஆம் ஆண்டில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமினின் செயல்களை விவரித்தபோது, கினி எலிகளில் அது மூச்சுப்பாதையைக் கடுமையாகச் சுருக்குவதைப் பதிவு செய்தனர். 1938ஆம் ஆண்டில் ஃபெல்ட்பெர்கும் கெல்லவேயும் மென்தசையை மெதுவாகவும் நெடுநேரமும் சுருக்கும் ஒரு பொருளைக் கண்டனர். அது என்ன வேதிப்பொருள் என்பது நாற்பது ஆண்டுகள் புதிராக இருந்தது. 1979ஆம் ஆண்டில் பெங்ட் சாமுவேல்சனின் குழு அதை லியூக்கோட்ரையீன் குடும்பத்தைச் சேர்ந்தது எனக் கண்டறிந்தது. அதன் ஏற்பியை அடைக்கும் மாண்டெலுகாஸ்ட் 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது.

தளர்த்தும் பாதையின் வரலாறும் இதுபோன்றதே. ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948ஆம் ஆண்டில் அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு எனக் கூறினார். 1967ஆம் ஆண்டில் பீட்டா ஏற்பிகள் மேலும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன: இதயத்தில் மிகுந்தவை பீட்டா-1, மூச்சுப்பாதையில் மிகுந்தவை பீட்டா-2. இந்தப் பிரிவு தெரிந்ததும் இதயத்தை அதிகம் தொடாமல் மூச்சுப்பாதையைத் திறக்கும் மருந்தைத் தேட முடிந்தது. டேவிட் ஜாக் தலைமையிலான பிரிட்டிஷ் குழு உருவாக்கிய சால்பியூட்டமால் 1969ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது.

வளைய ஏஎம்பியைக் கண்டறிந்த ஏர்ல் சதர்லேண்டுக்கு 1971ஆம் ஆண்டிலும், ஜி புரதங்களைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் ஆகியோருக்கு 1994ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு கிடைத்தது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகியோர் ஜி புரத ஏற்பிகள் பற்றிய ஆய்வுக்காக 2012ஆம் ஆண்டில் இப்பரிசைப் பெற்றனர். அவர்கள் நெடுங்காலம் ஆராய்ந்த ஏற்பி, ஆஸ்துமா மருந்துகள் இணையும் இதே பீட்டா-2 ஏற்பிதான்.

ஆய்வு முறைகள்

இத்துறையின் பழமையான கருவி உறுப்புத் தொட்டி. கினி எலியின் மூச்சுக்குழலிலிருந்து வெட்டிய தசைப் பட்டையை இளஞ்சூடான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்தைச் சேர்த்து, தசையின் இழுவிசையை அளப்பர். விசையை இது துல்லியமாகக் காட்டும். செல்லுக்குள் நடப்பதைக் காட்டாது.

கால்சியத்தோடு இணைந்தால் ஒளிர்வு மாறும் ஃபுரா-2 என்னும் சாயத்தை 1985ஆம் ஆண்டில் ரோஜர் சியன் குழு அறிமுகப்படுத்தியது. உயிருள்ள செல்லில் கால்சியம் ஏறி இறங்குவதைக் கண்ணால் காணும் வழி இதனால் பிறந்தது. 1980களின் இறுதியில் மனித மூச்சுப்பாதைத் தசைச் செல்களை வளர்ப்புத் தட்டில் வளர்க்கும் முறையும் நிலைபெற்றது. மரபணுக்களை நீக்கிய எலிகள் தனித்தனிப் புரதங்களின் பங்கைப் பிரித்தறிய உதவுகின்றன.

ஒவ்வொரு முறைக்கும் குறை உண்டு. தட்டில் வளரும் செல்கள் நாளடைவில் சுருங்கும் தன்மையை இழந்து பெருகும் தன்மையை அடைகின்றன. எலியின் மூச்சுப்பாதை பல வகைகளில் மனிதனுடையதிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே ஒரு முறையில் கிடைத்த முடிவை மற்றொன்றில் சரிபார்ப்பது இத்துறையில் இன்றியமையாதது.

ஆஸ்துமாவில் ஏற்படும் மாற்றங்கள்

நலமுள்ளவரின் மூச்சுப்பாதையும் தூண்டினால் சுருங்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுப்பாதை சிறிய தூண்டலுக்கே அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. நலமுள்ளவர் ஆழ்ந்து மூச்சிழுத்தால் இறுகிய தசை நீட்டப்பட்டுத் தளர்கிறது. ஆஸ்துமா உள்ளவரிடம் இந்த இயல்பான நிவாரணம் குறைந்துவிடுகிறது.

இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, அழற்சிச் செல்கள் வெளியிடும் இன்டர்லியூக்கின்-13 போன்ற சைட்டோகைன்கள் தசைச் செல்லின் சமிக்ஞை அமைப்பையே மாற்றிவிடுகின்றன. ரோஏ புரதத்தின் அளவு கூடுவது இதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாவது, தசையின் பருமன் கூடுகிறது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மூச்சுப்பாதைத் தசை தடித்திருப்பதை ஹியூபரும் கோஸ்லரும் 1922ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். வளர்ச்சிக் காரணிகள் தூண்டும் வேறு கைனேஸ் பாதைகள் செல்களைப் பெருகவும் பருக்கவும் செய்கின்றன. மூன்றாவது, தசைச் செல்களே சைட்டோகைன்களை உருவாக்கி அழற்சிச் செல்களை அழைக்கின்றன. அழற்சியால் பாதிக்கப்படும் தசை, அழற்சியை வளர்க்கவும் செய்கிறது.

நிவாரண மருந்தின் முரண்

பீட்டா-2 மருந்தை உறிஞ்சியதும் மூச்சு இலேசாகிறது. ஆனால் அழற்சி அப்படியே இருக்கிறது. நோயாளி மீண்டும் மீண்டும் அதே மருந்தை நாடும்போது செல்லுக்குள் இரண்டு மாற்றங்கள் நிகழலாம்.

ஒன்று, ஏற்பியின் உணர்திறன் குன்றுவது. இடைவிடாமல் தூண்டப்படும் ஏற்பியில் சில கைனேஸ்கள் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. உடனே பீட்டா-அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஒட்டிக்கொண்டு ஜிஎஸ் புரதத்துடனான தொடர்பைத் துண்டிக்கிறது. பின்னர் ஏற்பி சவ்விலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. மிகுதியான தூண்டலிலிருந்து செல் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்பான வழி இது.

மற்றொன்று, எதிர்ப் பாதை வலுப்பது. 2003ஆம் ஆண்டில் ஸ்டீபன் லிகெட் குழுவினர் தசையில் பீட்டா-2 ஏற்பியை அளவுக்கு மீறி உருவாக்கும் எலிகளை ஆராய்ந்தனர். சுருக்கும் செய்திகளுக்கு அவ்வெலிகளின் மூச்சுப்பாதை இயல்பைவிட வலுவாகச் சுருங்கியது. பாஸ்போலிப்பேஸ்-சி நொதியின் ஒரு வகை அவற்றில் மிகுந்திருந்ததே காரணம். தளர்த்தும் பாதையை ஓயாமல் தூண்டினால், செல் சுருக்கும் பாதையைப் பலப்படுத்திச் சமன்செய்ய முயல்கிறது என்பதை இது உணர்த்தியது.

மருத்துவ வரலாறும் இத்தகைய எச்சரிக்கைகளைத் தந்துள்ளது. 1960களில் பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளில் செறிவு மிகுந்த ஐசோபிரினலின் இன்ஹேலர் பயன்பாட்டோடு ஆஸ்துமா இறப்புகள் உயர்ந்தன. 1976ஆம் ஆண்டு முதல் நியூசிலாந்தில் இரண்டாவது முறையாக இறப்புகள் கூடின. 1989ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆய்வாளர்கள் ஃபெனோட்டரால் என்ற பீட்டா மருந்துக்கும் இறப்புகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். அம்மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இதயத்தின் மீதான விளைவா, ஏற்பியின் உணர்திறன் குன்றலா, தற்காலிக நிவாரணத்தை நம்பி மருத்துவமனைக்குத் தாமதமாகச் சென்றதா என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வெளியான, 26,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சையோடு நீண்டநேரம் செயல்படும் சால்மெட்டரால் சேர்க்கப்பட்டவர்களிடம் சுவாசம் சார்ந்த இறப்புகள், எண்ணிக்கையில் சிறிதெனினும், கூடியிருந்தன.

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இங்கு இருவகையில் உதவுகின்றன. அவை அழற்சியைத் தணிக்கின்றன. அதோடு பீட்டா-2 ஏற்பிக்கான மரபணுவின் படியெடுத்தலைக் கூட்டி, புதிய ஏற்பிகள் உருவாகவும் துணைபுரிகின்றன. எனவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமிக்ஞை மட்டத்திலேயே நியாயம் உள்ளது. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள் தேவைப்படும்போது டெர்பியூட்டலினை மட்டும் எடுத்துக்கொண்டதைவிட, புடெசோனைடு ஸ்டீராய்டும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த மருந்தை எடுத்துக்கொண்டபோது கடுமையான தாக்குதல்கள் ஏறத்தாழ 64 விழுக்காடு குறைந்தன. 2019ஆம் ஆண்டில் உலக ஆஸ்துமா முன்முயற்சி அமைப்பு தன் வழிகாட்டுதலை மாற்றியது. வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் குறுகிய நேரம் செயல்படும் பீட்டா-2 மருந்தை மட்டும் தனியே சிகிச்சையாகக் கொள்ளக் கூடாது என்றும், ஸ்டீராய்டு கலந்த சிகிச்சை தேவை என்றும் அது பரிந்துரைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நிலவிய பழக்கத்தை இது மாற்றியது.

நிவாரண மருந்து தீங்கானது என்பது இதன் பொருள் அன்று. திணறல் நேரத்தில் அது உயிரைக் காக்கிறது. அது அடிக்கடி தேவைப்படுவது, அடியில் உள்ள அழற்சி கட்டுப்படவில்லை என்பதற்கான அறிகுறி.

புதிய திசைகள்

2010ஆம் ஆண்டில் தீபக் தேஷ்பாண்டே, ஸ்டீபன் லிகெட் ஆகியோரின் குழு எதிர்பாராத ஒன்றைக் கண்டது: நாக்கில் கசப்பை உணர்த்தும் ஏற்பிகள் மூச்சுப்பாதைத் தசையிலும் உள்ளன. குளோரோகுயின், சாக்கரின் முதலிய பொருட்கள் அவற்றைத் தூண்டியபோது செல்லில் கால்சியம் உயர்ந்தது. ஆனால் தசை சுருங்காமல் தளர்ந்தது. கால்சியம் சவ்வருகே சிறு பகுதியில் மட்டும் உயர்ந்து பொட்டாசிய வாயில்களைத் திறப்பதே காரணம் என அக்குழு கூறியது. கால்சிய வாயில்கள் மூடப்படுவதே காரணம் எனப் பிறர் மறுத்தனர். பாகற்காய் போன்ற கசப்பு உணவுகளை உண்பதால் இவ்விளைவு கிடைக்காது. போதிய அளவில் அப்பொருள் மூச்சுப்பாதைத் தசையை நேரடியாக அடைய வேண்டும்.

ஒவ்வொரு சுருக்கும் ஏற்பியையும் தனித்தனியே அடைப்பதற்குப் பதிலாக, அவை கூடும் ஜிக்யூ புரதத்தையே தடுப்பது மற்றொரு முயற்சி. ஆர்டிசியா கிரெனாட்டா என்னும் அலங்காரச் செடியிலிருந்து கிடைக்கும் ஒரு பொருள் ஜிக்யூவைத் தடுத்து, ஆஸ்துமா எலிகளின் மூச்சுப்பாதையைத் தளர்த்துவதை 2017ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஜிக்யூ உடலெங்கும் உள்ள புரதமாதலால் மருந்தை மூச்சுப்பாதையோடு நிறுத்துவது இதன் முக்கியச் சவால். ஜிஎஸ் பாதையைத் தூண்டி பீட்டா-அரெஸ்டினை அழைக்காத மருந்துகளும் தேடப்படுகின்றன. சமிக்ஞையைத் தொடாமல் தசையின் அளவையே குறைக்கும் முறையாக, குழலின் உட்சுவருக்கு வெப்பம் தரும் மூச்சுக்கிளை வெப்பச் சிகிச்சைக்கு 2010ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

தீராத கேள்விகள்

ஆஸ்துமாவில் தசை தடிப்பது அழற்சியின் விளைவா, அதற்கு முன்பே தொடங்கும் தனி மாற்றமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அழற்சி நன்கு கட்டுப்பட்ட பிறகும் சிலரிடம் மிகைச் சுருக்கம் ஏன் நீடிக்கிறது என்பதும் தெளிவாகவில்லை. சுருக்கும் பாதையும் தளர்த்தும் பாதையும் ஒன்றையொன்று எவ்வாறு நெடுங்காலத்துக்கு மாற்றியமைக்கின்றன என்பதே இவ்விரு கேள்விகளுக்கும் அடிப்படையாக உள்ளது. ஒரு பாதையை மட்டும் ஓயாமல் தூண்டும் சிகிச்சை போதாது என்பதை இதுவரையான ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. இரண்டையும் சேர்த்து நெறிப்படுத்தும் வழிகளைத் தேடுவதே இத்துறையின் இன்றைய பணியாக உள்ளது.